செயலாளர் வீட்டு உரத்தொட்டி

"என்னங்க, இது உரமா, இல்ல உள்ள ஏதாவது செத்துக் கிடக்குதா?"

மூக்கைப் பொத்திக்கொண்டு மனைவி கேட்டபோது, செயலாளர் பால்கனியில் உட்கார்ந்து தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார். பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி. மேலே மூடி, கீழே ஒரு சின்னக் குழாய். சமையலறைக் குப்பையை அதில் போட்டு மூடி வைத்தால் மூன்று மாதத்தில் மழை பெய்த மண் மாதிரி வாசனை வரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. வந்த வாசனை வேறு.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார் செயலாளர், தலையை வெளியே எடுக்காமல்.

"ஆரம்பமே இப்படின்னா முடிவு எப்படிங்க இருக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர் வெளியே இருப்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர், அவ்வளவுதான். தண்ணீர் வராவிட்டாலும் திட்டு, வந்து வழிந்தாலும் திட்டு. பிழைப்புக்கு பிஸ்கட் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகர். பெல்ட்டில் ஓடும் பிஸ்கட்டை எடுத்து உடைத்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, குறை சொல்வது. இதுதான் வேலை. பல வருஷம் இதையே செய்து செய்து, எதையும் மூடி வைத்துவிட்டு நகர்ந்து போக முடியாதவராகிவிட்டார். அடுப்பில் எது கொதித்தாலும் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவார். அதற்காகவே மனைவி அவரைச் சமையலறை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தாள்.

இந்தத் தொட்டி விவகாரம் சங்கக் கூட்டத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது.

நாலு மாதம் கழித்து 'பசுமை ஞாயிறு' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவோம் என்று அவர்தான் ஆரம்பித்தார். கார் நிறுத்தும் இடத்தில் பந்தல் போட்டு, விதை கொடுப்பது, துணிப்பை தைத்துக் காட்டுவது, வீட்டில் தூங்கும் பழைய ஒயர், சார்ஜரையெல்லாம் வாங்கிக்கொள்வது, கடைசியில் வீட்டுக் குப்பையில் செய்த உரத்துக்கு ஒரு போட்டி. எல்லோரும் தலையாட்டினார்கள். பொருளாளர் மட்டும் ஆட்டவில்லை.

பொருளாளர் செயலாளருக்கு நேர் கீழ் வீட்டுக்காரர். அவரிடம் இரண்டு கார். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு துண்டு மண்தரையும், அதில் ஒரு பெரிய பாதாம் மரமும் இருந்தன. மரத்தை வெட்டி, தரைக்கு சிமென்ட் போட்டு, கார் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. செயலாளர் கையெழுத்துப் போடாததால் அந்த ஆசை அப்படியே நின்றுகொண்டிருந்தது. செயலாளருக்கு அந்த மரம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயை எடுத்துக்கொண்டு அதன் அடியில் போய் உட்கார்ந்தால்தான் அவருக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

"ஊருக்கு உபதேசம் இருக்கட்டும் சார்" என்றார் பொருளாளர் கூட்டத்தில். "மொதல்ல உங்க வீட்டுல ஒரு கூடை உரம் பண்ணிக் காட்டுங்க. அப்புறம் மத்தவங்களுக்குச் சொல்லலாம்."

சிலர் சிரித்தார்கள். செயலாளருக்குச் சுருக்கென்றது.

"ஒரு கூடை என்ன சார், முதல் பரிசே வாங்கிக் காட்டறேன். வாங்கலைன்னா, எந்த வீட்டுக் குப்பை முதல் பரிசு வாங்குதோ அந்த வீட்டுக்காரர் கையில இந்த நாற்காலியைக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று பொருளாளர் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தார். மறுநாளே தன் பெயரையும் போட்டியில் சேர்த்துவிட்டார்.

அன்று இரவு முழுக்க மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "உங்களை யாருங்க வாயைத் திறக்கச் சொன்னது?"

வாயைத் திறந்தாயிற்று. இனித் தொட்டியையும் திறந்துதான் ஆக வேண்டும் என்பது செயலாளரின் கட்சி. காலையில் பல் தேய்க்குமுன் ஒரு தரம், வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், வந்து செருப்பைக் கழற்றாமல் ஒரு தரம் என்று மூடி திறந்து மூடியபடியே இருந்தது. நடுவில் ஒரு நீளக் கம்பை விட்டுக் கிளறுவது வேறு.

"குழந்தை தூங்கிடுச்சான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுப்பிக் கேட்டா, அது எப்பங்க தூங்கும்?" என்றாள் மனைவி. "மூடி வெச்சுட்டுச் சும்மா விடுங்களேன்."

"சும்மா விட்டா எப்படித் தெரியும்?"

"என்ன தெரியணும்?"

"தரம்!"

நாற்றத்துக்குக் காரணம் ஈரம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். காய்ந்த சருகும் கிழித்த பேப்பரும் சேர்த்தால் சரியாகிவிடுமாம். செயலாளர் அன்றைக்கே பாதாம் மரத்தடிச் சருகை மூட்டை கட்டித் தூக்கி வந்தார். பிறகு வீட்டுக்குள் புகுந்து கண்ணில் பட்ட பேப்பரையெல்லாம் அள்ளினார். சோபா மேல் கிடந்தது, அலமாரியில் விரித்திருந்தது, சாப்பாட்டு மேஜையில் கசங்கிக் கிடந்தது, ஒன்றையும் விடவில்லை. முக்கால்வாசியைக் கிழித்துப் போட்டார். கை வலித்ததும் மீதியை அப்படியே போட்டார். தொட்டி நிரம்பி வழிந்தது. இன்னொரு தொட்டி வாங்கினார். அதுவும் நிரம்பியது. மூன்றாவதும் வந்து சேர்ந்ததில் பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டில் வேறொரு கலவரம். மாமனாரின் பல் செட்டைக் காணவில்லை.

மாமனார், அதாவது மனைவியின் அப்பா, அவர்களோடுதான் இருந்தார். மேலும் கீழும் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. அந்த செட்டுதான் அவருக்குப் பேச்சு, சாப்பாடு, மரியாதை எல்லாம். கட்டிலுக்கு அடியில், தலையணை உறைக்குள், குளியலறைச் சோப்பு டப்பாவில், பாட்டிலில், வாளியில் என்று மகள் வீட்டையே தலைகீழாக்கித் தேடினாள். கிடைக்கவில்லை.

"கடைசியா எங்கப்பா வெச்சீங்க?"

மாமனார் ஏதோ சொன்னார். பாதி காற்றாக வந்தது.

"என்ன சொல்றார்?" என்றார் செயலாளர்.

"சாப்பிட்டுட்டு எப்பவும் போல சுத்தி வெச்சேன்கறார். எங்கன்னு ஞாபகம் இல்லையாம்."

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும். பால்கனிக் கதவு திறந்துதானே கிடந்துச்சு?"

"திறந்து போட்டது யாரு?"

செயலாளர் எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினார். வேறு செட்டு கட்டிக்கொள்ளலாம் என்றதற்கு மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது தன் வாய்க்குப் பழகின பல் என்றும், புதுசு கட்டினால் அது யார் பேச்சையோ பேசும் என்றும் சொல்கிறாராம். மகள்தான் மொழிபெயர்த்தாள். அன்றிலிருந்து அவருக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் மருமகனைப் பார்க்கும் பார்வையில் மட்டும் மசிப்பு இல்லை.

பேப்பர் போட்டதில் ஈரம் சுத்தமாகப் போய்விட்டது. இப்போது தொட்டிக்குள் இருந்தது அப்படியே காய்ந்து மொடமொடவென்று கிடந்தது. மக்கவே இல்லை. தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று இன்னொரு வீடியோ சொன்னது. செயலாளருக்குத் தெளிக்கத் தெரியாது, ஊற்றத்தான் தெரியும். மூன்று தொட்டியும் குளமாயின. குழாயைச் சருகு அடைத்துக்கொண்டதால், தேங்கிய நீர் வடியட்டும் என்று ஆணியைச் சுட்டு அடியில் துளை போட்டார். வடிந்தது. பால்கனித் தரையில் ஓடி, விளிம்பைத் தாண்டி, கீழே இறங்கியது.

வாசல் மணி அடித்தது. பொருளாளர் நின்றிருந்தார். கையில் ஹேங்கரோடு ஒரு வெள்ளைச் சட்டை.

"வானம் தெளிவா இருக்கு சார். என் சட்டைல மட்டும் மழை பெஞ்சிருக்கு. அதுவும் பழுப்பு கலர்ல."

"துவைச்சுத் தந்துடறேன் சார்."

"எதுல? அந்தத் தொட்டித் தண்ணிலயா?" என்று சட்டையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, உங்க உரம் எந்த நிலைமைல இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நாற்காலியைத் துடைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செயலாளருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நுண்ணுயிர் பெருகினால் எல்லாம் சீக்கிரம் மக்கும் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்கள். புளித்த தயிரைக் கரைத்து ஊற்றினார். கொசுவில் பாதி அளவுள்ள ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வீட்டுக்குள் குடியேறின. டிவி பார்க்கும்போது நடிகர்கள் முகத்தில் ஊர்ந்தன. தயிர் போதவில்லை, நுண்ணுயிருக்குச் சாப்பாடு வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றினார். எறும்புக்கு அழைப்பு வேறு வேண்டுமா? சுவரோரமாக வரிசை கட்டி வந்தது. தொட்டியில் இடம் போதாமல் ஹாலுக்குள் நுழைந்து, அங்கே படுத்திருந்த மாமனாரின் கட்டில் காலில் ஏறிற்று.

மாமனார் மத்தியானத் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து கத்தினார். என்ன கத்தினார் என்று மகளுக்கும் புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையைப் பற்றித்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

மனைவி அப்பாவின் முதுகைத் துடைத்துவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னாள்.

"இதோ பாருங்க. ஒண்ணு அந்தத் தொட்டி இருக்கணும், இல்ல நானும் எங்கப்பாவும் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை. இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

அவள் சத்தம் போட்டிருந்தால் செயலாளர் சமாளித்திருப்பார். நிதானம்தான் அவரைப் பயமுறுத்தியது. மூன்று தொட்டியையும் சாக்குகளில் கவிழ்த்தார். அப்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருமுறை கிளறிப் பார்க்காமல் விடவில்லை. ஒரு ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோக்காரர் முழுத் தலையையும் வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

குப்பைத் தொட்டியில் கொட்டலாம். ஆனால் செயலாளரே மூட்டை மூட்டையாகக் குப்பை கொட்டினார் என்று யாராவது பார்த்துவிட்டால் போயிற்று. அதனால் இரண்டு தெரு தள்ளி இருந்த நர்சரிக்குப் போனார். பூச்செடியும் தொட்டியும் மண்ணும் விற்கும் இடம். அதை நடத்துகிற அம்மா, கையெல்லாம் மண்ணாக, ஒரு நாற்றை நட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை எங்கயாவது ஒரு ஓரமாப் போட்டுக்கறீங்களா? கெட்டுப்போன குப்பை. ஒண்ணுத்துக்கும் ஆகாது."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பின்னாடி மூலைல வெச்சுட்டுப் போங்க சார். மேல தார்ப்பாய் கிடக்கும், மூடிருங்க. நாய் இழுத்துப் போடும்."

செயலாளர் மூலையில் கவிழ்த்து, தார்ப்பாயை இழுத்து மூடினார். மூடியதும் கை தானாக ஓரத்தைத் தூக்கப் போனது. தன் கையைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

திரும்ப ஆரம்பிக்க அவருக்குத் தைரியமும் வரவில்லை, அனுமதியும் கிடைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்த தொட்டிகள் பால்கனியில் காலியாகக் கிடந்தன. 'பசுமை ஞாயிறு' மட்டும் அதுபாட்டுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்குச் சொன்னார். நடுவராக வேளாண்மைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவரை அழைத்தார். போட்டிக்கு ஐந்து வீடுகள் பெயர் கொடுத்திருந்தன. யாரைப் பார்த்து "உரம் எப்படி?" என்று கேட்டாலும், "பிரமாதமா வருது சார்" என்றார்கள். அவரும் அதையேதான் சொன்னார்.

கீழ் வீட்டு பால்கனியை அடிக்கடி எட்டிப் பார்த்தார். பொருளாளர் வீட்டுத் தொட்டி மேல் ஒரு ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டி ஒருநாளும் திறந்து அவர் பார்த்ததில்லை. நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று அவருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் காலை பாதாம் மரத்தடியில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது, பொருளாளர் கையில் டேப்போடு வந்து, மரத்திலிருந்து சுவர் வரை அளந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல, ரெண்டு கார் நேராப் போடலாமா, சாய்ச்சுப் போடலாமான்னு பாக்கறேன். நீங்க குடிங்க."

டீ ஆறிப்போய்விட்டது. செயலாளர் மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை வரும்போல இருந்தது. வாய்ச் சவடால் விட்டது அவர், வெட்டுப்படப்போவது இது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள், ஒரு துணிப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"அக்கா, ஒரு கூடை அளவுக்கு மக்கின உரம் இருக்குமா? செடிக்கு."

"இந்த வாரம் என்னமோ தெரியல சார், உரத்துக்கு இப்படி ஒரு கிராக்கி. நல்ல வேளை, இந்தக் கடைசிப் பை இருக்கு. நீங்க கேட்டீங்க, தீந்துச்சு."

"நல்ல உரம்தானே?"

"கையில எடுத்துப் பாருங்க. கறுகறுன்னு, உதிரி உதிரியா இருக்கும். நான் ஒண்ணும் பண்ணலை, அதுபாட்டுக்குக் கிடந்து தானா ஆச்சு. சலிக்கக்கூட நேரமில்லை, அப்படியே கட்டித் தந்துட்டேன்."

செயலாளர் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். மழை பெய்த மண் வாசனை. அவருக்குக் கண் கலங்கிற்று. பார், தன்னால் மூன்று தொட்டி வைத்தும் முடியாதது எவனுக்கோ சும்மா கிடந்து ஆகியிருக்கிறது! உரத்தைத் துணிப்பையில் கொட்டி, மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டு மறைத்து எடுத்துப் போனார்.

வீட்டில் அவர் கூடைக்கு மாற்றுவதை மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது நம்ம வீட்டுதா?"

"பின்னே?"

"சத்தியமா?"

"உரத்துக்கெல்லாம் யாராவது சத்தியம் பண்ணுவாங்களா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தப்புச் செய்கிறவனுக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும்.

பசுமை ஞாயிறு அன்று கார்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு மேஜையில் விதைப் பொட்டலங்கள், இன்னொன்றில் பழைய சார்ஜர்களும் உயிரற்ற போன்களும் மலையாகக் குவிந்திருந்தன. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிளாஸ்டிக்கில் எழுதித் தொங்கவிட்ட பலகையை யாரோ பாதியில் கவனித்து அவிழ்த்தார்கள். மாமனார் முன்வரிசையில், வாயைக் கைக்குட்டையால் மூடியபடி உட்கார்ந்திருந்தார். பல் இல்லாமல் வெளியே வர அவருக்குக் கூச்சம். இருந்தாலும் மாப்பிள்ளை தோற்பதைப் பார்க்காமல் எப்படி இருப்பார்?

நடு மேஜையில் ஐந்து கூடைகள். பேராசிரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். முதல் கூடைக்கு "அருமை" என்றார். இரண்டாவதுக்கும் "அருமை." மூன்றாவதுக்கு வந்தபோது புருவம் லேசாக உயர்ந்தது. ஐந்தாவதையும் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் எவ்வளவோ போட்டிக்கு நடுவரா போயிருக்கேன். அஞ்சு வீட்டு உரமும் இப்படி ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி ஒண்ணாவே இருந்து பார்த்ததில்லை. ஒரே நிறம், ஒரே வாசனை. சருகு, பேப்பர், கொஞ்சம் தயிர்கூடச் சேர்த்திருப்பீங்க போல. உங்க செயலாளர் எல்லாருக்கும் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கார்."

கைதட்டினார்கள். கூடைக்காரர்கள் ஐவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு தட்டினார்கள். செயலாளரின் காது சூடாகிவிட்டது.

"எல்லாமே ஒண்ணா இருக்கறதால, சுத்தபத்தமா, பார்க்க லட்சணமா வெச்ச கூடைக்கு முதல் பரிசு குடுக்கறேன்." ஓரத்தில் ரோஜாப்பூ செருகி வைத்திருந்த கூடையை அவர் தூக்கிக் காட்டினார். பொருளாளர் வீட்டுக் கூடை.

செயலாளர் அந்த ரோஜாப்பூவையே பார்த்தார். அந்த ஆள் வீட்டில் ஒரு வாழைப்பழத் தோல்கூட மக்கியிருக்காது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் "உங்களுது எங்க வாங்கினது?" என்று திரும்பும். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வாயைத் திறந்தே வாழ்ந்த மனுஷன், வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றார்.

பொருளாளர் மேடை ஏறினார். மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இதுல ரகசியம் ஒண்ணும் இல்லீங்க. பொறுமை வேணும், சுத்தம் வேணும். இந்தக் கூடைல இருக்கறது முழுக்க முழுக்க எங்க வீட்டுக் குப்பை. வெளி வீட்டுக் குப்பை ஒரு தூசு கலக்கலை. இதை எங்க வேணா வந்து சொல்லுவேன்."

மறுபடி கைதட்டல்.

"செயலாளர் சார் கூட்டத்துல சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எந்த வீட்டுக் குப்பை முதல் பரிசு வாங்குதோ அந்த வீட்டுக்காரர்தான் இனிமே செயலாளர். அவர் வாக்கு தவறாதவர். நாளைக்கே பின்பக்க வேலையை ஆரம்பிச்சிடலாம். மரம் வெட்டற ஆளுக்குச் சொல்லியாச்சு."

மனைவி செயலாளரைப் பார்த்தாள். இத்தனை நாள் தொட்டிக்காக அவரைத் திட்டித் தீர்த்தவளுக்கு இப்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். சங்கச் சாவிக்கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் மாமனார் எழுந்து, முதல் பரிசுக் கூடையிடம் போயிருந்தார். ஜெயித்த உரம் எப்படி இருக்கும் என்று எல்லோரும்தான் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அவரும் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். தேய்த்தார். நின்றார். மறுபடி கையை ஆழமாக விட்டுத் துழாவினார். எதையோ எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, கார் கழுவும் குழாய்ப் பக்கம் அந்த வயதுக்கு ஆகாத வேகத்தில் போனார்.

"அப்பா, எங்க போறீங்க?" என்று மகள் பின்னால் ஓடினாள்.

அவர் காதில் வாங்கவில்லை. குழாயைத் திறந்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒருமுறைக்கு மூன்றுமுறை முகர்ந்து பார்த்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு தலையை ஒருதரம் மேலே, ஒருதரம் கீழே அசைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம்.

திரும்பி வந்தவர் நேராக மேடை ஏறி, சாவிக்கொத்தை நீட்டிய மாப்பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு, பொருளாளரிடமிருந்து மைக்கை வாங்கினார். மூன்று மாதமாகப் பாதி காற்றாக வந்துகொண்டிருந்த குரல், ஒரு எழுத்துகூடச் சிதறாமல், பந்தல் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"மாப்ளே, சாவியை உள்ள வைங்க. இது நம்ம வீட்டுக் குப்பைதான்!"